பொருநைப் பதினாறு: இரண்டாம் பாட்டுக்குப் பின்

செல்போனில் பாட்டு முடிந்தது. காதர் வாயைத் திறந்தான்.

ஏதோ வரப்போகிறது என்று நான் முன்னால் சாய்ந்தேன். அவன் மனைவி ஜீனத் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தை மடியில் இறக்கிவிட்டு அவன் உதட்டையே பார்த்தாள். உதடு குவிந்தது. தொண்டைக்குள் ஒரு முனகல் புறப்பட்டு அண்ணம் வரை வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமல் தயங்குகிற விருந்தாளி மாதிரி அங்கேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து, வீட்டுக் கடன் வேண்டுமா என்று செல்போனுக்குள்ளிருந்து ஒரு பெண் கேட்டாள்.

காதர் வாயை மூடிக்கொண்டான்.

"தெனமும் இப்படித்தான் அண்ணே," என்றாள் ஜீனத். "பாட்டு ஓடயில கூடவே இழுக்குதாக. முடிஞ்சதும் வாயத் தொறக்குதாக. இன்னைக்குச் சொல்லிருவாக, இப்பச் சொல்லிருவாகன்னு பார்த்துட்டே இருப்பேன். இந்த மூதேவி வந்து கடன் வேணுமாங்கும்."

மேலப்பாளையத்தில் அவர்கள் வீட்டு முன்னறை அது. ஜன்னல் கம்பிகளைக் காலை வெயில் தரையில் கோடு போட்டு வைத்திருந்தது. காதரின் வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல அவன் மடியில் கிடந்தது.

காதர் என் இளவயதுச் சிநேகிதன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் டவுனில் நான். சவுதியில் ஏசி மெக்கானிக்காகப் போனவன் தலை நரைக்கிற வரை அங்கேயே இருந்தான். பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டதும் ஒரே ஒரு பையோடு விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கால் பைய பையத் திரும்பியது. கம்பு ஊன்றி நடக்கிறான். பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வது அவ்வளவும் புரிகிறது. பதில்தான் உள்ளேயே தங்கிவிடுகிறது.

சென்ற வாரப் பத்தியை அருவியில் ஆரம்பித்துச் சைக்கிள் கடையில் கொண்டுபோய் முடித்ததற்கு அம்பாசமுத்திரத்து வாசகர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார். "ஒரு எடத்துல நில்லும் வே" என்றார். நிற்கத்தான் பார்க்கிறேன். இந்த வாரம் இந்த முன்னறையில் நிற்கிறேன். கொஞ்சம் வெளியே போய்வர மட்டும் அனுமதி வேண்டும்.

பாட்டுக்குள் இல்லாத பாட்டு

தொகுப்பு ஆல்பங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வருகிற அந்தச் சின்ன மௌனத்தில் அடுத்த பாட்டு மனசுக்குள் ஏற்கெனவே தொடங்கிவிட்டிருக்கும். கல்யாண வீட்டில் அதே பாட்டைக் கேட்டாலும் முடிகிற இடத்தில் நம் நாக்கு அடுத்த பாட்டின் முதல் எழுத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே வேறு ஏதாவது வந்தால், மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று காலை வைத்து வெறும் தரையில் விழுகிற மாதிரி ஒரு திடுக்கிடல்.

பாளையங்கோட்டையில் காதருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"பேச்சு வர்ற வழி அடைச்சிருக்கு சார். பாட்டு வர்ற வழி வேற. அது பல பேருக்குத் தொறந்தே இருக்கும். அந்த வழியா வார்த்தையக் கூப்பிட்டுப் பார்க்கலாம். ஆனா புதுப் பாட்டு வேண்டாம். அவருக்கு ஊறிப்போன பாட்டு, அவர் எப்பவும் கேட்ட மாதிரியே வேணும்."

எது ஊறிப்போன பாட்டு என்று ஜீனத்துக்குத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவன் சவுதி அறையிலிருந்து போனில் கூப்பிடுவான். பின்னால் எப்போதும் ஒரே சிடி ஓடும். அறையில் அவனோடு இருந்த உவரிக்காரர் செபஸ்தி கறிக்கு வெங்காயம் நறுக்குகிற சத்தமும் கேட்கும். கடலுக்கு அந்தப் பக்கத்து வாழ்க்கை அவளுக்கு அந்த இரண்டு சத்தங்களாகத்தான் வந்து சேர்ந்திருந்தது.

"ஆருட்டச் சொல்லன்னு ஒரு பாட்டு வரும்லா, அதுதான் எனக்கு நல்லாத் தெரியும்," என்றாள். "அது முடியப் போகையில சரி வைக்கட்டான்னு வச்சிருவாக."

அந்த சிடியின் பெயர் 'பொருநைப் பதினாறு'. அவன் முதல் தடவை விமானம் ஏறப் புறப்பட்டபோது ஜங்ஷன் கடையில் நான் கூட நின்றுதான் வாங்கினான். இப்போது அது எங்கும் கிடையாது. அவன் மகள் இணையத்தில் தேடிப் பிடித்தது நாலைந்து பாட்டு. அதிலும் பாதி வேறு யாரோ பாடியவை.

நான் தேடுகிறேன் என்று ஜீனத்திடம் சொன்னேன். உண்மையில் அதைத் தவிர எனக்கு வேறெதுவும் உருப்படியாகச் செய்யத் தெரியாது.

பரணில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்

அச்சு நின்றுபோன தொகுப்பு சிடிகளைத் தேடி அலைவது என் பைத்தியம். ஒரே பாடகரின் ஆல்பம் என்பது சொந்த வீடு. தொகுப்பு என்பது பஸ் பயணம். முன்பின் தெரியாத பதினாறு பேரை ஒருத்தர் கைபிடித்து ஏற்றி, இவர் பக்கத்தில் இவர் என்று உட்கார வைத்திருப்பார். உட்கார வைத்ததில்தான் சங்கதி.

'பந்தல் மேளம்' என்று ஒன்று இருந்தது. நம் பக்கத்து நாதஸ்வரச் செட்டுகள் பலவும் அதில் உண்டு. ஒரு தோடி அடங்குகிற இடத்தில் யாரோ ஒருவர், "பந்தி ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்பது பதிவாகியிருக்கும். வெட்டாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குரலில் இருக்கும் பசி எந்த ராகத்திலும் இல்லை.

'அலையோர ஜெபம்' இன்னொன்று. கடற்கரைக் கோயில்களின் பாடல் குழுக்கள் பாடியது. ஒரு பாட்டின் நடுவே வள்ளம் ஒன்று இஞ்சின் உறுமக் கடந்துபோகும். இணையத்தில் அந்தப் பாட்டு இருக்கிறது. இஞ்சினைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். வள்ளம் போகாத அந்தப் பாட்டைக் கேட்டால், கடலே இல்லாத ஊரில் யாரோ கடலைப் பற்றிப் பாடுகிற மாதிரி இருக்கிறது.

இவற்றில் எதையாவது உங்கள் வீட்டுப் பரணில் பார்த்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு தடவை முதலிலிருந்து கடைசி வரை, நடுவில் தாவாமல் கேளுங்கள். பிறகு உங்கள் இஷ்டம்.

அழுகைப் பாட்டுக்கு ஒரு சட்டம்

'பொருநைப் பதினாறு' போட்டவர் ஆறுமுகம் அண்ணாச்சி. ஜங்ஷனில் அவருடைய ஒலிப்பதிவுக் கடை இப்போது மகனுடைய செல்போன் கடை. மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் பழைய நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது. அதில் அண்ணாச்சி.

"எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல வே," என்றார். "கேட்டவனுக்கெல்லாம் குடுத்துட்டேன். ஏன், போன்லதான் லட்சம் பாட்டு கெடக்குதாம்லா. எம்மவன் சொல்லுதான்."

"கெடக்கு அண்ணாச்சி. உங்க வரிச கெடக்கல."

அவர் முகம் மாறியது. இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை போல.

"அந்த வரிசைக்குத்தான் மண்டைய உடைச்சேன். வாங்குதவன் யாரு? முக்காவாசிப் பேரு வெளிநாட்டுக்குப் போறவன். அங்கன தனியாக் கெடந்து கேப்பான். ரெண்டு அழுகப் பாட்ட அடுத்தடுத்து வச்சோம்னு வையும், அவன் என்னத்துக்கு ஆவான்? அதான் ஒரு சட்டம் போட்டேன். ஒரு அழுகப் பாட்டு வந்தா அடுத்தாப்ல கேலிப் பாட்டு. கண்ணத் தொடைக்கதுக்குள்ள சிரிச்சிரணும்."

நான் அந்தக் குட்டைக் கை பனியனையும் மூக்கில் இறங்கிய கண்ணாடியையும் பார்த்துக்கொண்டே நின்றேன். எந்த ஊரிலோ எந்த அறையிலோ படுத்திருக்கப் போகிற ஒருத்தனுக்காக இங்கே உட்கார்ந்து பாட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார். அவனுக்கு அது தெரியவே தெரியாது.

"புன்னக்காயல்ல லியோன்னு ஒருத்தன்," என்றார் அண்ணாச்சி, ஞாபகம் வந்தவராக. "மினிபஸ் ஓட்டினான். பஸ்ல போடுததுக்கு ரெண்டா வாங்கிட்டுப் போனான். போய்ப் பாரும்."

காக்காய்க்குப் பிடிக்காத பாட்டுகள்

தாமிரபரணி கடலோடு கலக்கிற இடத்தில் ஆற்றுக்கு அவசரம் கிடையாது. வாய்க்கால்களாகப் பிரிந்து, உப்பைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்து, பிறகுதான் போகிறது. அதன் கரையில் லியோனின் வீடு. வாசலில் வலை விரித்துக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

"சிடிதான? நெறைய கெடக்கு. மேல பாரும்," என்றார்.

மேலே பார்த்தேன். கருவாட்டுக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. கயிறு முழுக்க சிடிகள். காற்றில் சுழன்று வெயிலை நாலா பக்கமும் வீசிக்கொண்டிருந்தன.

"காக்கா வராது," என்று விளக்கினார். "பக்திப் பாட்டுன்னா கிட்டயே அண்டாது. டூயட்டுன்னா ரெண்டு ரெண்டா வந்து உக்காருது."

சிரித்துக்கொண்டேதான் தேடினேன். மூன்றாவது கயிற்றில் அது இருந்தது. பச்சை எழுத்தில் 'பொருநைப் பதினாறு'. எட்டிப் பிடித்துத் திருப்பினேன். எழுத்து இருந்த இடம் தவிர வெள்ளிப் பூச்சு உரிந்து கண்ணாடியாக நின்றது. தட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வள்ளமும் கொஞ்சம் வானமும் தெரிந்தன.

என் முகத்தை அவர் பார்த்திருக்க வேண்டும். "யாரும் செத்துப்போனாகளா வே?"

காதரைப் பற்றிச் சொன்னேன். வாய் திறப்பதையும் மூடுவதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி உள்ளே போனார். அலமாரிக் கதவு கிறீச்சிட்டது.

"ரெண்டுல்லா வாங்கினிய," என்று சொல்லிக்கொண்டே வந்தார். கையில் இன்னொன்று. மேலே சுற்றிய தாள்கூடப் பிரிக்கவில்லை. "மொதல் தட்டு தேஞ்சா இதப் போடலாம்னு வச்சிருந்தாக. தட்டு தேயல, பஸ்தான் நின்னுபோச்சு. கொண்டு போங்க. பேச்சு வந்ததும் இங்கன ஒரு போன் போடச் சொல்லுங்க."

கூடவே ஒரு பொட்டலம் கருவாடு. இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். திருநெல்வேலி வரைக்கும் என் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை.

அடுத்தது வந்தபோது

மறுநாள் காலை என் பழைய சிடி பிளேயரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன். காதர் சிடியின் அட்டையை இடது கையால் வாங்கி வெகுநேரம் பார்த்தான். பச்சை எழுத்தைக் கட்டை விரலால் தடவினான். ஜீனத் கதவைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, தன் போனையும் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கடன்காரி வரக்கூடாது அல்லவா.

முதல் பாட்டு பிறை பார்க்கிற பாட்டு. காதர் தாளம் போட்டான். முடிந்ததும் புருவம் லேசாகச் சுருங்கியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது, 'ஆருட்டச் சொல்ல'. வீட்டுக்கு எழுத முடியாததையெல்லாம் மணலிடம் சொல்கிற ஒருத்தனின் பாட்டு. காதர் கூடவே முனகினான். ஜீனத்தின் விரல்கள் சேலை முந்தியைப் பிடித்திருந்தன. பாட்டு அடங்கியது.

மௌனம்.

காதரின் உதடு குவிந்தது. முனகல் மேலே ஏறியது. "ஆ..." என்றது.

டங்கு டக்கு என்று உடுக்கையும் சிரிப்புமாக ஒரு கட்டுமரக் கேலிப் பாட்டு உள்ளே குதித்தது.

காதர் இடது கையால் நாற்காலிக் கையை அடித்தான். முகம் சிவந்துவிட்டது. மறுபடி அடித்தான். ஜீனத் பதறி எழுந்தாள். "நிப்பாட்டுங்க அண்ணே! மறுபடியும் இழுக்குது போல!"

நான் பாய்ந்து நிறுத்தினேன். காதர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் வலி இல்லை. கோபம். பச்சைக் கோபம்.

"இ... இல்ல," என்றான்.

ஜீனத் அவன் நாற்காலியோரம் குனிந்தாள்.

"இது... இல்லலே. பாலம்." மூச்சு வாங்கினான். "பாலம்... வரணும்லே."

'ஆத்துப் பாலம்' அந்தத் தொகுப்பில் வெகு தூரத்தில் இருக்கிற இன்னொரு அழுகைப் பாட்டு. அண்ணாச்சி இதன் பக்கத்தில் அதை விடவே மாட்டார். அவன் பேசிவிட்டான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சங்கீத விஷயத்தில் என்னைத் தப்பு சொல்லிவிட்டான் என்பதுதான் உறைத்தது. பைத்தியம் என்று முதலிலேயே சொன்னேனே.

"லே காதர், இதுதாம்லே வரிச. ஒரிஜினல். அண்ணாச்சியே எங்கிட்டச் சொன்னாரு."

"போலே," என்றான். பிறகு உதட்டைக் கோணி, என்னைப் போலவே செய்துகாட்டி, "ஒரி... ஜினல்," என்றான்.

உவரியிலிருந்து

ஜீனத் அழுதுகொண்டே செபஸ்திக்குப் போன் போட்டாள். அவரும் இப்போது ஊரோடு வந்துவிட்டார். போனை மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அவன் சொல்லுததுதான் சரி வே. நீரு வச்சிருக்கது ஒரிஜினலு. நாங்க ஒரிஜினல எங்க கேட்டோம்? காதர் கொண்டுவந்த தட்டுல கீறல் விழுந்துட்டு. முழுசாப் போறதுக்குள்ள எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தி வேற தட்டுல நான்தான் எழுதினேன். பாட்டுப் பேரையெல்லாம் இங்கிலீசுல அடிச்சேன். கம்ப்யூட்டர் அதுபாட்டுக்கு ஏபிசிடி வரிசையில அடுக்கிட்டு. எனக்கு என்ன தெரியும்? கடைசி வரைக்கும் ரூம்ல அதான் ஓடிச்சு."

"அப்போ ரெண்டு அழுகைப் பாட்டும்?"

"ஒண்ணு பின்னால ஒண்ணு! எடுத்த எடுப்புலயே. மொத பாட்டுக்கு எல்லாவனும் கம்முனு இருப்பான். ரெண்டாவது ஆரம்பிச்சா ரூம்ல ஒருத்தன் இருக்கமாட்டான். வாளியத் தூக்கிட்டுத் துணி தொவைக்கப் போயிருவானுவ. மூஞ்சியக் காட்டக் கூடாதுல்லா. அந்தக் கேம்ப்லயே எங்க ரூம் சட்டைதான் வெள்ளை வெளேர்னு இருக்கும்."

"காதரும் தொவைக்கப் போவானா?"

"அவன் எங்க போனான்? அவன் மட்டும் உக்காந்து சத்தமாக் கூடப் பாடுவான். தண்ணிக் கொழாய் வரைக்கும் கேக்கும்."

ஜீனத் நிமிர்ந்தாள். காதர் தரையைப் பார்த்தான்.

"எங்கிட்ட ஒருநாளும் பாடினதில்லையே," என்றாள் மெதுவாக. "அந்தப் பாட்டு வாரதுக்குள்ள போன வச்சிருவாகளே."

அந்தப் பக்கம் செபஸ்தியின் சிரிப்பு நின்றது. ஆறுமுகம் அண்ணாச்சியை நினைத்தேன். அவருடைய சட்டத்தை ஒரு எந்திரம் யோசிக்காமல் உடைத்திருக்கிறது. உடைந்த இடத்தில் உட்கார்ந்து ஒருத்தன் இத்தனை வருஷம் பாடியிருக்கிறான்.

போனை வைத்தபின், பிளேயரில் 'ஆருட்டச் சொல்ல'வை மறுபடி போட்டேன். அது முடியவும் பொத்தானை அமுக்கி அமுக்கி, தாவித் தாவி, 'ஆத்துப் பால'த்துக்குக் கொண்டுபோனேன். நடுவே மௌனம் வழக்கத்தைவிட நீண்டுவிட்டது.

பாட்டுக்கு முன்னால் காதர் தொடங்கிவிட்டான்.

"ஆத்துப் பாலம் தாண்டயில... அடிவயிறு குளிருதம்மா..."

குரல் கட்டை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாய் வார்த்தைகளைச் சாய்த்துச் சாய்த்து விட்டது. ஆனால் வார்த்தைகள். முழு வார்த்தைகள். பின்னால் பாடகர் வந்து சேர்ந்துகொண்டார். சில இடங்களில் காதர் அவரை முந்தினான்.

பாதிப் பாட்டில் ஜீனத் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். உள்ளே குழாயைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. ஏற்கெனவே கழுவி அடுக்கியிருந்த பாத்திரங்களை மறுபடி எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

பாட்டு முடிந்தது. நான் பிளேயரை நிறுத்தினேன். காதர் வியர்த்திருந்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் தலையைத் திருப்பினான். முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு துணித் திரைதான்.

"ஏட்டி..." என்றான். நாக்கு சொல்லைத் தேடியது. கிடைத்தது. "சாயா."

குழாய்ச் சத்தம் நின்றது. திரை அசையவில்லை. உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"என்ன கேட்டிய? எனக்குக் காதுல விழல. இன்னொரு தடவ சொல்லுங்க."